கித்தான் மகாத்மியம்

திங்கட்கிழமை காலை, முதல் பீரியட் பி.டி. வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம். ஞாயிறு ராத்திரியே துவைத்துக் காயவைத்து, பாலிஷ் போட்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் எங்கே வைத்தோம்? வகுப்பிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த சாக்பீஸை கிரவுண்டுக்குப் போகும் வழியில் ஷூ முழுக்கத் தேய்ப்போம். "அட்டென்ஷன்!" என்று மாஸ்டர் கத்தியதும் எண்பது கால்கள் ஓங்கித் தரையை மிதிக்கும். குபுக்கென்று ஒரு வெண்புகை கிளம்பும். புராணப் படத்தில் நாரதர் தோன்றுவதுபோல அதற்குள்ளிருந்து மாஸ்டர் வெளிப்படுவார். கையில் தம்புராவுக்குப் பதில் பிரம்பு!

அந்த ஷூவின் துணிக்குத்தான் தமிழில் கித்தான் என்று பெயர். இரட்டு என்றும் சொல்வார்கள். பட்டுக்குப் பாட்டு உண்டு, கதருக்குத் தியாக வரலாறு உண்டு, டாக்கா மஸ்லினுக்குக் கண்ணீர்க் கதை உண்டு. கித்தானுக்கு? லாரி மேல் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அவ்வளவுதான் மரியாதை.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சரித்திரத்தில் எந்தப் பெரிய மனிதராவது மார்பை நிமிர்த்தி போஸ் கொடுக்கும்போது சற்றே எட்டி அவருக்குப் பின்னால் பாருங்கள். கித்தான்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், மூச்சு வாங்கியபடி!

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். 'கேன்வாஸ்' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினால் லத்தீன் மொழியில் 'கன்னாபிஸ்' என்று முடிகிறது. ஆமாம் சார், அதேதான். கஞ்சா! பழைய ஐரோப்பாவில் கித்தானைப் பெரும்பாலும் அந்தச் செடியின் நாரில்தான் நெய்தார்கள். பதற வேண்டாம். நாருக்காக வளர்க்கிற ரகம் வேறு, பிடித்தால் தலைவலிதான் மிஞ்சும். இருந்தாலும், "ஏன்டா காலையிலேயே மயங்கி மயங்கி நிற்கிறே?" என்று மாஸ்டர் கேட்டபோது இந்தச் சொல்லாராய்ச்சி தெரிந்திருந்தால் ஷூவின் மேல் பழியைப் போட்டிருப்பேன்.

கெட்டிக் கித்தானுக்கு 'டக்' என்றும் ஒரு பெயர். வாத்துக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. டச்சுக்காரர்கள் துணியை 'டூக்' என்றார்கள். இங்கிலீஷ்காரன் காதில் அது வாத்தாக விழுந்துவிட்டது. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கிய காதல்லவா! நாம் மட்டும் சும்மா விட்டோமா? தார் பூசிய கித்தானை அவன் 'டார்பாலின்' என்றான். நாம் அதை வாங்கி 'தார்ப்பாய்' ஆக்கினோம். தாரும் இருக்கிறது, பாயும் இருக்கிறது. கப்பலில் விரிக்கிற பாயும் நமக்குப் பாய்தானே? அசலைவிட டப்பிங் பிரமாதமாக அமைந்த அபூர்வ கேஸ் இது.

இனி ராஜாக்கள்.

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியை உங்களுக்குத் தெரியும். ஆறு கல்யாணம் செய்துகொண்ட புண்ணியவான். 1520-இல் அவருக்கு 28 வயது, மனைவி இன்னும் ஒருவர்தான். படங்களில் பார்க்கிறோமே, பீரோவுக்குச் சட்டை மாட்டிவிட்டதுபோல, அந்த உடம்பெல்லாம் பிற்பாடு வந்தது. இப்போது ஆள் நல்ல உயரம், ஜிம் பாடி, குதிரையேற்றம், மல்யுத்தம், பாட்டு. ஒரே ஒரு குறை. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் முதலாம் பிரான்சுவா என்று இன்னொரு ஹேண்ட்ஸம் ராஜா இருந்தார். வயது 25!

இது ஹென்றியை எந்த அளவுக்கு அரித்தது தெரியுமா? சில வருடங்களுக்கு முன் வெனிஸ் தூதர் ஒருவர் வந்தபோது, "பிரெஞ்சு ராஜா என்னைப்போல உயரமா? கால் எப்படி?" என்று விசாரித்தார். கால் கொஞ்சம் ஒல்லிதான் என்று தூதர் சொன்னாரோ இல்லையோ, ராஜா தன் தொடையைத் தட்டி, கெண்டைக்காலையும் காட்டி, "இதைப் பாருங்கள்!" என்று மகிழ்ந்துபோனார். ராஜதந்திரப் பேச்சுவார்த்தையில் ஒரு நாட்டின் சார்பில் ஆடுசதை தாக்கல் செய்யப்பட்ட நிகழ்ச்சி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இருவரும் நேரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. சந்திக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்று இருவரும் சபதம். சந்திப்பு தள்ளிப்போனது. ஹென்றி நைசாகத் தாடியை எடுத்துவிட்டார். பிரெஞ்சு அரண்மனையில் முணுமுணுப்பு. "எங்கள் ராணிக்குத் தாடி பிடிக்காது" என்று இங்கிலாந்துத் தூதர் அசடு வழிந்து சமாளித்தார். தூதரின் பெயர் தாமஸ் போலீன். அவருக்கு ஆன் என்று ஒரு மகள் இருந்தாள். அந்த ராணிக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

ஒருவழியாக 1520 ஜூனில், காலே நகருக்கு அருகே மைதானம் தயாரானது. யாருடைய பக்கமும் ஓர் அங்குலம்கூட உயரமாக இருந்துவிடக் கூடாது என்று நிலத்தை வெட்டிச் சமன்படுத்தினார்கள். சம்பந்தி வீட்டு நாற்காலி நம்முடையதைவிட உயரமா என்று குனிந்து பார்க்கிற நம் பெரியவர்களை இனிமேல் கேலி செய்யாதீர்கள்.

ஹென்றி தங்குவதற்கு ஓர் அரண்மனை எழும்பியது. ஒவ்வொரு பக்கமும் 300 அடிக்கு மேல். கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்து வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். வாசலில் ஒரு ஃபவுண்டன், அதில் தண்ணீருக்குப் பதில் ஒயின். அடடா! பக்கத்தில் போய்ச் சுவரைத் தட்டினால் 'தொப்' என்றது. அடியில் கொஞ்ச உயரத்துக்குத்தான் செங்கல். அதற்கு மேல் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான். சுவரில் கல்போலப் பெயின்ட், கூரையில் ஓடுபோலப் பெயின்ட். நம்மூர் கட்சி மாநாட்டில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கிற கோட்டை முகப்பு இருக்கிறதே, அதே சமாச்சாரம். என்ன, நம்மூரில் ஃபவுண்டனில் ஒயின் விடமாட்டார்கள், வேறு வழியில் பார்த்துக்கொள்வார்கள்.

பிரான்சுவா விடுவாரா? கோபுரம் மாதிரி ஒரு கூடாரம் போட்டார். வெளியே தங்க ஜரிகைத் துணி, உள்ளே தாங்கிப் பிடிக்க அதே முரட்டுக் கித்தான். இந்தத் தங்கத் துணியை வைத்துத்தான் சரித்திரம் இந்த இடத்துக்கே 'பொன்னாடை மைதானம்' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தது. கித்தானின் பெயரை யார் வைப்பார்கள்? ஒருநாள் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தது. கூடாரம் படுத்துவிட்டது. பிரெஞ்சு ராஜா மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஜாகை மாற்றினார்!

பதினெட்டு நாள் விருந்து, விளையாட்டு, கட்டிப்பிடித்தல். ஒருநாள் உற்சாக மிகுதியில் ஹென்றி, "அண்ணே, ஒரு பிடி மல்யுத்தம்" என்று பிரான்சுவாவின் காலரைப் பிடித்தார். மறுகணம் தரையில் மல்லாந்து கிடந்தார். இதை ஒரு பிரெஞ்சுப் பிரபு விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்துக் குறிப்புகளில் இந்தச் சம்பவத்தைக் காணோம். அன்றைக்கு எழுதுகிறவருக்கு லீவு போலிருக்கிறது.

நட்பு பொங்கி வழிந்த அந்த மாநாடு முடிந்து இரண்டே வருடம், 1522-இல் இருவருக்கும் யுத்தம்! கித்தான் அரண்மனை எப்போதோ மடித்து மூட்டை கட்டப்பட்டிருந்தது. மாநாட்டில் பேசிய சமாதானமும் அதே மூட்டையில் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஹென்றியின் கித்தான் கணக்கு அங்கே தீரவில்லை. 1533-இல் ஒரு சட்டம். 60 ஏக்கர் உழுகிற ஒவ்வொருவனும் அதில் கால் ஏக்கர் ஆளிச் செடியோ மேற்படி கஞ்சா வகைச் செடியோ பயிரிட்டே தீர வேண்டும்! நம்மூரில் அதைப் பயிரிட்டால் உள்ளே போடுவார்கள், அவர் ஊரில் பயிரிடாவிட்டால் வம்பு. 1563-இல் மகள் எலிசபெத் அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். இந்த முறை கப்பற்படைக்கு வேண்டும் என்று காரணமும் சொன்னார். அப்பாவின் அரண்மனைக்குப் போன துணி, மகளின் காலத்தில் உருப்படியான காரியத்துக்குப் போனது என்று ஆறுதல் அடையலாம்.

சரி, வெனிஸுக்குப் போவோம்.

மற்ற இத்தாலிய ஊர்களில் ஓவியர்கள் ஜம்மென்று சுவரில் வரைந்தார்கள். வெனிஸில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. ஊரே தண்ணீரில் நிற்கிறது. உப்புக் காற்று பட்டுச் சுவர் ஓவியம் உதிர்ந்துவிடும். பத்து வருடத்தில் மாதாவுக்கு மூக்கு போய்விட்டால் பக்தர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் ஊரில் கப்பல் பாய்க்குப் பஞ்சமில்லை. அதையே சட்டத்தில் இழுத்து ஆணியடித்து வரைந்தால் என்ன? அகலம் போதாவிட்டால் இரண்டு மூன்று பட்டையைச் சேர்த்துத் தைத்தார்கள். உற்றுப் பார்த்தால் சில அமர காவியங்களில் தையல் தெரியும், ஆல்ட்டர் செய்த பேன்ட் மாதிரி!

இந்தக் கித்தானில் விளையாடியவர்களில் என் ஃபேவரிட் தின்தொரெத்தோ. அப்பா துணிக்குச் சாயம் போடுகிறவர். அதனால் மகனுக்கு 'குட்டிச் சாயக்காரன்' என்று பட்டப்பெயர், அதுவே நிலைத்துவிட்டது. மற்றவர்கள் ஒரு படத்துக்கு வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்போது இவர் வெள்ளையடிக்கிற வேகத்தில் முடித்துவிடுவார். ரேட்டும் கம்மி, சமயத்தில் ஓசி. சக கலைஞர்கள் இவரை எவ்வளவு நேசித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1564-இல் சான் ரோக்கோ (புனித ரோக்) என்ற பக்த சபை, தன் மண்டபத்து விதானத்தில் படம் வரையப் போட்டி வைத்தது. உறுப்பினர் ஒருவர், "தின்தொரெத்தோவுக்குக் கொடுக்காமல் இருந்தால் நான் 15 டுகாட் நன்கொடை தருகிறேன்" என்று முன்வந்தாராம். வேலை கொடுக்கச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். கொடுக்காதே என்று கைக்காசு போட்ட மகானுபாவர் இவர்!

போட்டிக்கு ஆளுக்கொரு மாதிரி ஸ்கெட்ச் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் சுருட்டிய காகிதத்தோடு பவ்யமாக வந்தார்கள். தின்தொரெத்தோ வெறுங்கையோடு வந்தார். "உம்முடையது எங்கே?" என்றார்கள். மேலே கை காட்டினார். விதானத்தை மூடியிருந்த அட்டை விலகியது. முழுப் படமும் வரைந்து, வர்ணம் பூசி, அளவாகப் பொருத்தப்பட்டு, புனித ரோக் சொர்க்கத்தில் ஜொலிக்கிறார்! ராத்திரியில் ஆளைப் பிடித்து உள்ளே நுழைந்து மாட்டிவிட்டிருந்தார் மனிதர். சுவரில் என்றால் சாரம் கட்டி மாதக்கணக்கில் குடியிருக்க வேண்டும். கித்தானோ வீட்டிலேயே தயாராகிச் சுருண்டு படுத்துக்கொள்ளும், சத்தம் போடாமல் கூட வரும்.

கூச்சல் எழுந்தது. "ஸ்கெட்ச்தானே கேட்டோம்?" "எனக்கு ஸ்கெட்ச் போடத் தெரிந்த விதமே இதுதான். பணம் வேண்டாமென்றால் விடுங்கள், இதைப் புனிதருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்." இங்கேதான் குட்டிச் சாயக்காரன் ஓவியரிலிருந்து வக்கீலாக மாறுகிறார். புனிதருக்கு வந்த காணிக்கையைச் சபை திருப்பக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருந்தது! அடுத்த வருடமே சபையில் உறுப்பினர் ஆனார். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே குடியிருக்காத குறையாக, சுவர் விதானம் ஒன்று விடாமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களால் மூடினார். அந்த 15 டுகாட் வசூலானதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே ஊரில் வெரோனேஸே என்று இன்னொரு ஜாம்பவான். அவருக்கு விருந்துக் காட்சி என்றால் உயிர். ஒரு மடத்தின் உணவுக்கூடத்துக்கு ஏசுவின் கடைசி விருந்தை வரைந்தார், 40 அடிக்கு மேல் நீளம். 1573-இல் சமய விசாரணை மன்றம் கூப்பிட்டு அனுப்பியது. "மூக்கில் ரத்தம் வழிய ஒருவன் நிற்கிறானே, யார்? கிளியோடு கோமாளி எதற்கு? குடித்துவிட்டு ஜெர்மன் சிப்பாய்கள் ஏன்?" வெரோனேஸே சொன்ன பதிலின் சாரம்: "ஐயா, படம் பெரிசு. இடம் மிச்சமிருந்தது, ஆள் போட்டேன்." நம்மூர் ஃபிளெக்ஸ் பேனர் தத்துவம்தான்!

மூன்று மாதத்தில் சொந்தச் செலவில் திருத்த வேண்டும் என்று தீர்ப்பு. திருத்தினார். படத்தையல்ல, தலைப்பை. 'லேவியின் வீட்டு விருந்து' என்று புதுப் பெயர் வைத்தார். லேவி வீட்டுக்கு யார் வந்தால் யாருக்கு என்ன? சென்சார் பிரச்சினையைத் தலைப்பை மாற்றித் தீர்க்கிற வித்தையைக் கோடம்பாக்கம் கண்டுபிடித்தது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

அவருடைய இன்னொரு விருந்து, 'கானாவூர்க் கல்யாணம்'. கிட்டத்தட்ட 67 சதுர மீட்டர். கூலியாகப் பேசியது 324 டுகாட், சாப்பாடு, ஒரு பீப்பாய் ஒயின். 1797-இல் நெப்போலியனின் ஆட்கள் வெனிஸுக்குள் நுழைந்து அதைக் கழற்றிப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, "எங்கள் கல்யாணத்தைக் கொடு" என்று கேட்டால், "ஐயோ, ரொம்ப நைந்திருக்கிறது, பயணம் தாங்காது" என்றார்கள். வரும்போது மட்டும் தாங்கியது! இன்றைக்கும் லூவர் மியூசியத்தில் மோனா லிசாவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. தினம் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோனா லிசாவோடு செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த அம்மாள் வரையப்பட்டிருப்பது கித்தானில்கூட இல்லை. சாதாரண மரப்பலகை!

நெப்போலியன் என்றதும் நெல்சன் ஞாபகம் வருகிறார். 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர். அட்மிரல் நெல்சன் தன் கோட்டில் நான்கு நட்சத்திரப் பதக்கங்களோடு மேல்தளத்தில் உலாவினார். அசல் பதக்கம்கூட இல்லை, பூவேலையில் தைத்த டூப்ளிகேட். அதுதான் எதிரி குறிபார்க்க வசதியானதா என்று இன்றுவரை பட்டிமன்றம். தைரியத்தில் குறை சொல்ல முடியாது. கொஞ்சம் அடக்கமான சட்டை போட்டிருக்கலாம்.

அவருடைய 'விக்டரி' கப்பலுக்கு 37 பாய்கள். சண்டையில் முன்பாய் ஒன்றில் மட்டும் சுமார் 90 ஓட்டை. அட்மிரலுக்குத் தூண், சிலை, சதுக்கம் எல்லாம் கிடைத்தன. பாய்க்கு? சுமார் 3,600 சதுர அடி, நம்மூர்க் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு! அதை மடித்து எங்கேயோ வைத்து மறந்தே போனார்கள். 1960-களில் போர்ட்ஸ்மவுத் கப்பற்படை முகாமில் கண்டெடுக்கப்பட்டபோது, உடற்பயிற்சிக்கூடத்து மெத்தைகளுக்கு அடியில் அது கிடந்தது. டிரஃபால்கர் வெற்றியின் மேல் பல தலைமுறைச் சிப்பாய்கள் குட்டிக்கரணம் அடித்திருக்கிறார்கள். எங்கே போனாலும் கித்தானை பி.டி. மாஸ்டர் விடுவதில்லை!

அமெரிக்காவுக்கு ஒரு நடை. தங்கம் தோண்டப் போனவர்களுக்கு லீவை ஸ்ட்ராஸ் என்பவர் கூடாரத் துணியில் பேன்ட் தைத்துக் கொடுத்து ஜீன்ஸைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறதே? நல்ல கதை. நடக்கவில்லை, அதுதான் குறை. லீவை ஸ்ட்ராஸ் சான் பிரான்சிஸ்கோவில் மொத்த ஜவுளி வியாபாரி, ஊசியில் நூல் கோத்தவரில்லை. கோத்தவர் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர். கூடாரம், வண்டி மூடி, குதிரைப் போர்வை தைப்பது அவர் பிழைப்பு. 1870-71 குளிர்காலத்தில் ஓர் அம்மாள் வந்து, "எங்க வீட்டுக்காரர் பருமன், எதைப் போட்டாலும் கிழிக்கிறார்" என்று அழாத குறையாக மூன்று டாலர் கொடுத்தார். டேவிஸ் வெள்ளை டக் கித்தானில் பேன்ட் தைத்தார். குதிரைப் போர்வைக்கு அடிக்கிற ரிவிட் மேஜையில் கிடந்தது. எடுத்துப் பாக்கெட் மூலையில் அடித்தார். உலக ஃபேஷனைத் திருப்பிப் போட்ட அந்தக் கணத்தில், வாடிக்கையாளருக்கும் குதிரைக்கும் அவர் வித்தியாசமே பார்க்கவில்லை.

காப்புரிமைக்குக் கட்டக் கையில் பணமில்லை. துணி கொடுத்த ஸ்ட்ராஸுக்கே, ஏகப்பட்ட எழுத்துப் பிழையோடு, பங்காளியாகச் சேரச் சொல்லி ஒரு கடிதம் போட்டார். 1873 மே 20-இல் காப்புரிமை கிடைத்தது. பெயர் யாருக்குக் கிடைத்தது என்று உங்கள் இடுப்பின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1906 பூகம்பத் தீயில் கம்பெனியின் பழைய காகிதங்கள் எரிந்துபோயின. எரிந்த இடத்தில் கதை முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கடைசியாக நம்ம திருச்சிக்கு வந்துவிடுவோம். 1905. சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வரைபடம் போடுகிற உத்தியோகம். டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சினிமாப் படப்பெட்டியும் புரொஜக்டருமாக ஊர் ஊராகச் சுற்றி, திருச்சி வந்ததும் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலை. வின்சென்ட் பணத்தைப் புரட்டி எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, அசையும் பொம்மை காட்டக் கிளம்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் யோசிக்கவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தென்னிந்தியாவில் டென்ட் சினிமா பிறந்தது.

ஹென்றியின் கித்தான் அரண்மனையைப்போல இதில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் அதுதான் பால்கனி. ஆனால் ராஜாவுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. நாலு பக்கமும் கித்தான் தொங்குகிறதல்லவா? ஓரத்தை ஒரு முழம் தூக்கினால் உள்ளே போகலாம். டென்ட் கொட்டகை எங்கள் தாத்தா காலம் தாண்டி, பெரியப்பா காலத்திலும் அமோகமாக நடந்தது. ஒரே படத்தைப் பதினாலு தடவை பார்த்ததாக அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார், வசனத்தோடு.

"அப்போ டிக்கெட் எவ்வளவு பெரியப்பா?" என்று போன பொங்கலுக்குக் கேட்டேன்.

"அது எனக்கெப்படிடா தெரியும்?" என்றார்.